‘இன்னைக்கு ஆளையே காணோமே?’: அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு ஊருக்குள் ஓர் இடம் அமைப்பதற்கான வழிகாட்டி

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூடும் எந்த இடத்திலும், பிள்ளைக்கு எட்டு வயதானாலும் நாற்பது வயதானாலும், பேச்சு கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும்: “எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்ப்பாங்க?” பெரும்பாலான குடும்பங்கள் இதற்குப் பணத்திலும் கட்டடத்திலும் விடை தேடுகின்றன. வங்கியில் வைப்புத்தொகை போடுகிறார்கள். வீட்டில் ஒரு பங்கை எழுதி வைக்கிறார்கள். காப்பகங்களைச் சத்தமில்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். இவை தேவையானவைதாம். ஆனால் அறிவுசார் குறைபாடு உள்ள ஓர் அண்ணனுக்குத் தங்கையாக நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த பிறகு நான் உறுதியாக நம்புவது ஒன்று உண்டு. ஒருவர் ஒரு நாள் வெளியே வராவிட்டால் “இன்னைக்கு ஆளையே காணோமே?” என்று கேட்க வீட்டுக்கு வெளியே எத்தனை பேர் இருக்கிறார்களோ, அந்த அளவுக்குத்தான் அவர் பாதுகாப்பாக இருக்கிறார். அப்படிக் கேட்பவர்களை இரக்கம் உருவாக்குவதில்லை. அவர் வராவிட்டால் தங்கள் வேலையில் ஏதோ ஒன்று குறைகிறது என்ற நிலை இருக்கும் இடத்தில்தான் அவர்கள் உருவாகிறார்கள். அந்த நிலையை எப்படி அமைப்பது என்பதைப் பெற்றோருக்கும், உடன்பிறந்தவர்களுக்கும், சிறப்பாசிரியர்களுக்கும் இங்கே வரிசையாகச் சொல்ல முயல்கிறேன்.

தொடங்கும் முன்: இப்போது அவருக்கு ஊர் கொடுத்திருக்கும் வேடம் எது?

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய வுல்ஃப் வுல்ஃபென்ஸ்பெர்கர் என்ற அறிஞர், 1983-இல் தம் கருத்துக்கு ‘சோஷியல் ரோல் வேலரைசேஷன்’ (மதிப்புள்ள சமூகப் பொறுப்பை அமைத்துத் தருதல்) என்று பெயரிட்டார். சமூகம் மதிக்கும் ஒரு பொறுப்பில் இருப்பவருக்கு மரியாதை, நட்பு, நல்ல இடம், நல்ல வாய்ப்பு ஆகியவை தாமாகவே வந்து சேர்கின்றன என்பதும், மதிக்கப்படாத வேடத்தில் தள்ளப்பட்டவருக்கு அவை ஒவ்வொன்றாக மறுக்கப்படுகின்றன என்பதும் அதன் சாரம். அப்படித் தள்ளப்படும் வேடங்களை அவர் பட்டியலிட்டார்: வளராத குழந்தை, நோயாளி, இரக்கத்துக்குரியவர், கேலிப்பொருள், ஆபத்தானவர், சுமை, கள்ளமற்ற தெய்வப் பிறவி. இந்தப் பட்டியலை நம் தெருவில் வைத்துப் பாருங்கள், ஒன்றுகூட விடுபடாது. “பாவம், வாயில்லாப் பூச்சி” என்பதும், “அவன் தெய்வக் குழந்தை, திட்டாதே” என்பதும், “போன ஜென்மத்து வினை” என்பதும், சிறுவர்கள் பின்னால் ஓடிக் கத்துவதும் எல்லாம் அங்கே இருக்கின்றன. ‘தெய்வக் குழந்தை’ என்பது அன்பான சொல்லாகத் தோன்றலாம். ஆனால் தெய்வத்தோடு யாரும் சேர்ந்து தேநீர் குடிப்பதில்லை, தெய்வத்திடம் யாரும் வேலை சொல்வதுமில்லை.

உங்கள் பிள்ளைக்கு ஊர் எந்த வேடத்தை அணிவித்திருக்கிறது என்பதை முதலில் ஒரு தாளில் நேர்மையாக எழுதிக்கொள்ளுங்கள். வீடே அணிவித்த வேடமும் அதில் இருக்கும்.

முதல் படி: வீட்டுக்குள் முறை சொல்லி அழையுங்கள்

தமிழில் ஒருவருடைய இடம் அவருக்கு நாம் இடும் சுட்டுப்பெயரிலேயே தெரிந்துவிடும். என் அண்ணனுக்கு முப்பத்தைந்து வயதானபோதும், பத்து வயதுப் பிள்ளைகள் அவரை ‘அவன்’ என்றுதான் சொன்னார்கள். பெயர் சொல்லி ‘டா’ போட்டுக் கூப்பிட்டார்கள். பெரியவர்கள் யாரும் திருத்தவில்லை, ஏனென்றால் பெரியவர்களே அப்படித்தான் பேசினார்கள். நம் ஊர்களில் சேர்ந்திருத்தல் என்பது உறவுமுறை வழியாகவே நடக்கிறது. கடைக்காரர் ‘அண்ணாச்சி’ ஆகிறார், பக்கத்து வீட்டு அம்மாள் ‘அத்தை’ ஆகிறார். முறை சொல்லி அழைக்கப்படாத ஒருவர் எத்தனை ஆண்டுகள் அத்தெருவில் வாழ்ந்தாலும் வெளியாள்தான். ஆகவே வீட்டுப் பிள்ளைகள் அவரை மாமா, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, பெரியம்மா என்று எது உரியதோ அப்படி அழைக்க வேண்டும். வீடு மாறினால் தெரு மாறும். சில ஆண்டுகள் ஆகும், ஆனால் மாறும்.

அடுத்து, அந்த முறைக்கு உரிய கடமையைக் கொடுங்கள். என் மகளுக்குக் காது குத்த நாள் குறித்தபோது, தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைக்க வேண்டும் என்ற இடத்தில் உறவினர்கள் தயங்கினார்கள். ஒன்றுவிட்ட தம்பி ஒருவரை உட்கார வைக்கலாம், அண்ணனைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்றார்கள். குழந்தை வீறிட்டால் அவர் பயந்து எழுந்துவிடுவார் என்பது காரணம். அந்தப் பயம் பொய்யானதன்று. அதனால் ஒரு வாரம் தினமும் மாலையில் பாயில் அவரை அமரச் செய்து, குழந்தையை மடியில் வைத்து, ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் நெற்றியையும் பிடிக்கப் பழக்கினோம். ஆசாரியைப் போல ஒருவர் காதருகே விரலைக் கொண்டுபோவார், குழந்தை சிணுங்கும், அண்ணன் பிடியை விடாமல் இருக்க வேண்டும். விழா நாளில் குழந்தை மண்டபம் அதிரக் கத்தியது. அவர் அசையவில்லை; அவர் கண்களிலிருந்துதான் நீர் வழிந்தது. அன்று அவர் தோளில் போட்ட மாலையும், தாய்மாமனுக்குரிய முறையில் உறவினர்கள் வைத்த சந்தனமும் குங்குமமும், பத்து விழிப்புணர்வுக் கூட்டங்கள் செய்யாததைச் செய்தன. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டிய தேவையில்லை. நம் வழக்கத்தில் அவருக்கென ஏற்கெனவே இருக்கும் இடங்களை, ‘எதற்கு வம்பு’ என்று நாமே வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதை நிறுத்தினால் போதும்.

இரண்டாம் படி: நான்கு வட்டங்கள் வரையுங்கள்

கனடாவின் டொராண்டோவில், 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஜூடித் ஸ்னோ என்ற கடும் உடல் குறைபாடு கொண்ட பெண்ணைச் சுற்றி நண்பர்கள் ஒரு குழுவாகக் கூடி அவரை முதியோர் பராமரிப்பு நிலைய வாழ்க்கையிலிருந்து மீட்டார்கள். ‘ஆதரவு வட்டம்’ என்ற முறை அங்கிருந்து பரவியது. அதில் ஓர் எளிய பயிற்சி உண்டு. ஒரு தாளில் ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள் வரைந்து, நடுவட்டத்தில் உயிருக்கு நெருக்கமானவர்கள், அடுத்ததில் நண்பர்கள், மூன்றாவதில் சேர்ந்து ஏதாவது செய்பவர்கள், வெளிவட்டத்தில் மருத்துவர், ஆசிரியர், பராமரிப்பாளர் எனச் சம்பளம் பெற்று வருபவர்கள் ஆகியோரின் பெயர்களை எழுத வேண்டும். பெரும்பாலான குடும்பங்களில் நடுவட்டமும் வெளிவட்டமும் நிரம்பியிருக்க, இடையிலுள்ள இரண்டும் வெறுமையாக இருக்கும். உங்கள் முழு உழைப்பும் மூன்றாவது வட்டத்தை நிரப்புவதில் இருக்கட்டும். நண்பர்களை யாரும் ஏற்பாடு செய்து தர முடியாது. ஆனால் சேர்ந்து ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்பவர்களிலிருந்துதான் நண்பர்கள் வருகிறார்கள்.

அதே நேரம் அவரைக் கவனியுங்கள். ‘என்ன தெரியும்’ என்ற கேள்வியைவிட, ‘தனியே விட்டால் எங்கே போய் நிற்கிறார்’ என்ற கேள்வி அதிகம் சொல்லும். என் அண்ணன் கல்யாண மண்டபங்களின் பின்வாசலில் போய் நிற்பார்; அடுப்பையும் அண்டாவையும் பார்த்துக்கொண்டே இருப்பார். இருபது ஆண்டுகள் நாங்கள் அதைச் சாப்பாட்டு ஆசை என்று நினைத்து, கையைப் பிடித்து இழுத்துவந்தோம்.

மூன்றாம் படி: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

உங்கள் வீட்டிலிருந்து நடந்தோ, ஒரே பேருந்திலோ போகக்கூடிய தொலைவுக்குள், மக்கள் தவறாமல் கூடி ஏதாவது செய்யும் இடங்களை எல்லாம் எழுதுங்கள். பால் கூட்டுறவுச் சங்கம், கிளை நூலகம், கோயில்களில் உழவாரப் பணி செய்யும் குழு, தேவாலயப் பாடகர் குழு, ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பள்ளிவாசல், சுய உதவிக் குழு, கபடி ஆடும் மைதானம், நாற்றங்கால், டிபன் கடை, சமையல் குழு என்று சாதாரணமாக இருபது இடங்கள் தேறும்.

தேர்வில் நான் கடைப்பிடிக்கும் அளவுகோல்களில் முதன்மையானது, மற்றவர்களும் வரும் சாதாரண இடமாக அது இருக்க வேண்டும் என்பது. மாற்றுத்திறனாளிகளுக்கென்றே நடக்கும் பட்டறையில் மெழுகுவர்த்தி செய்வது நேரத்தைக் கழிக்க உதவும். தெருவில் அவரை அறிந்தவர்களின் எண்ணிக்கையை அது ஒன்றுகூடக் கூட்டாது. அதே ஆட்கள் அதே நேரத்தில் வருவதும் முக்கியம், ஏனென்றால் ஆண்டுக்கொரு முறை நடக்கும் விழாவைவிட வாரம் இரண்டு காலைகள் உறவை வளர்க்கும். பிறகு, ஆள் குறைவாக இருந்து கை தேவைப்படும் இடமா என்று பாருங்கள். ஒருவர் மட்டும்தான் போக வேண்டும். சிறப்புப் பள்ளியிலிருந்து ஐந்து பேரைச் சேர்த்து அனுப்பினால் ஊர் அவர்களை ‘அந்தப் பள்ளிப் பிள்ளைகள்’ என்றே பார்க்கும், ஐந்து பெயர்களாகப் பார்க்காது.

பேச்சு வராதவர்களுக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் இது பொருந்துமா என்று கேட்பார்கள். பொருந்தும். உதவியாளர் நாற்காலியைத் தள்ள, மடியில் வைத்த தட்டிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தையோ காணிக்கை உறையையோ ஒவ்வொருவருக்கும் நீட்டுபவர், அந்த இடத்தில் ஒரு பொறுப்பில் இருப்பவர்தான். கை நடுங்கினால் தட்டை நாற்காலியோடு பொருத்திவிடலாம். பெறுபவர் உதவியாளரிடமிருந்து எடுக்காமல் அவரிடமிருந்து எடுக்கும்படி மட்டும் உதவியாளர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் படி: கேட்கும் விதம்

நிர்வாகக் குழுவுக்கு மனு எழுதாதீர்கள். அந்த இடத்தில் உண்மையாகவே வேலை செய்யும் ஒரு மனிதரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். “பாவம், ஏதாவது வேலை கொடுங்க” என்று கேட்டால் பாவம் பார்த்தே ஏற்றுக்கொள்வார்கள். நான்கு நாளில் ஓர் ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்து வடை வாங்கிக் கொடுப்பார்கள். வேலையையும் நேரத்தையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணச் சமையல் செய்யும் ஒரு தவசிப்பிள்ளையிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: “அண்ணாச்சி, பந்திக்கு இலை போட ஆள் கிடைக்கலன்னு போன முகூர்த்தத்துல சொன்னீங்க. எங்க அண்ணன் நல்லா நடப்பார், சலிக்க மாட்டார். மூணு கல்யாணத்துக்கு நான் கூடவே நிக்கேன். சரிப்பட்டு வரலேன்னா சொல்லுங்க, நான் வருத்தப்பட மாட்டேன்.” மூன்று முறை என்ற வரையறை எதிராளிக்குத் தைரியம் தருகிறது. கூடவே இருப்பேன் என்ற உறுதி அவருடைய பயத்தைக் குறைக்கிறது.

தோற்றத்தையும் விட்டுவிடக் கூடாது. ஏற்கெனவே குறைத்து மதிக்கப்படுபவர்களுக்கு மற்றவர்களைவிட ஒரு படி மேலான தோற்றம் தேவை என்று வுல்ஃபென்ஸ்பெர்கர் வலியுறுத்தினார். நாற்பது வயதுக்காரருக்கு அரைக்கால்சட்டை வேண்டாம். கார்ட்டூன் படம் போட்ட பனியன் வேண்டாம். சமையல் குழு வேட்டியும் தலையில் துண்டும் கட்டினால் அவரும் அப்படியே போகட்டும். முடி வெட்டி, சவரம் செய்து, சரியான அளவில் சட்டை போட்டு அனுப்புங்கள்.

ஐந்தாம் படி: கற்றுக்கொடுத்தல்

இங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் முறிகின்றன. அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்பவர் 1970-களில், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் பதினைந்து பாகங்கள் கொண்ட மிதிவண்டி பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். ஒரு வேலையைச் சிறு சிறு அடிகளாகப் பிரித்து, மிகக் குறைந்த சொற்களில், கையாலேயே காட்டிக் கொடுத்தார். கற்பவர் தடுமாறினால் கற்பிப்பவர் வேறு வழியைத் தேட வேண்டும் என்பதே அவர் பிடித்துக்கொண்ட கொள்கை.

இந்தக் கொள்கையின் பொருள் எனக்கு ஒரு பந்தியில் விளங்கியது. தலைவாழை இலையின் நுனி, சாப்பிடுபவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். “நுனி இடப்பக்கம்” என்று நாங்கள் வீட்டில் பல முறை சொல்லிக்கொடுத்தோம். அண்ணனும் செய்தித்தாளை இலை அளவுக்கு வெட்டிப் பழகினார். முதல் கல்யாணத்தில் அவர் ஒரு வரிசை முழுவதையும் தலைகீழாகப் போட்டார். “நான்தான் சொன்னேனே, அவனுக்கு வராது” என்று ஒருவர் முணுமுணுத்தார். தவசிப்பிள்ளை மட்டும் அவர் நின்ற இடத்தில் போய் நின்று பார்த்தார். இலை போடுபவர் சாப்பிடுபவருக்கு எதிரே நிற்கிறார். சாப்பிடுபவரின் இடப்பக்கம் என்பது இவருக்கு வலப்பக்கம். வீட்டில் நாங்கள் தரையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கியிருந்தோம். சொன்னதை அவர் ஓர் இலைகூடப் பிசகாமல் செய்திருந்தார். தவறு எங்களுடையது. தவசிப்பிள்ளை ஒரு சிவப்புக் கயிற்றை எடுத்து அவர் வலது மணிக்கட்டில் கட்டி, “கயிறு கட்டின கைப்பக்கம் நுனி” என்றார். அதன் பிறகு ஓர் இலைகூடத் திரும்பவில்லை.

எனவே வேலை நடக்கும் இடத்திலேயே, அதே பாத்திரங்களோடு, அதே திசையில் நின்று பழக்குங்கள். முதலில் நீங்களே அந்த வேலையைச் செய்து, ஒவ்வோர் அசைவையும் எழுதுங்கள். இலை போடுவதற்கு எங்கள் தாளில் பதினொரு அசைவுகள் வந்தன. ‘இடம்’, ‘வலம்’, ‘கொஞ்சம்’, ‘சீக்கிரம்’ போன்ற சொற்களுக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒன்றைக் கொடுங்கள். தவறினால் “இல்லை, தப்பு” என்று சொல்லாமல், கையை மெதுவாகச் சரியான இடத்துக்குக் கொண்டுபோங்கள். பேச்சு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

ஆறாம் படி: விலகி நில்லுங்கள்

குடும்பத்தார் பக்கத்தில் நிற்கும்வரை, உடன் வேலை செய்பவர்கள் அவரிடம் பேச மாட்டார்கள், உங்களிடம்தான் “தம்பி சாப்பிட்டாச்சா?” என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டால் பதில் சொல்லாமல் அவரைப் பாருங்கள். சில நொடி மௌனத்துக்குப் பிறகு கேள்வி அவரிடம் திரும்பும். முதல் கல்யாணத்தில் பக்கத்தில், இரண்டாவதில் கதவருகில், மூன்றாவதில் வெளியே என்று நான் தள்ளிப் போனேன். பழகியவர்களில் ஒருவர் தாமாகவே அவரைக் கவனிக்கத் தொடங்குவார். அந்த ஒருவர் யார் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. பெரும்பாலும் நீங்கள் எதிர்பார்க்காதவராகவே இருப்பார். அவரிடம் இரண்டு செய்திகளை மட்டும் சொல்லி வையுங்கள்: வலிப்பு போன்றவை இருந்தால் என்ன செய்ய வேண்டும், உங்கள் வீட்டவர் பதறினால் எது அமைதிப்படுத்தும்.

காசும் பாதுகாப்பும்

ஓர் இடத்தில் மற்றவர்கள் சேவையாகச் செய்வதை அவரும் சேவையாகச் செய்யலாம். மற்றவர்கள் கூலி வாங்கும் வேலைக்கு அவரும் கூலி வாங்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. “சாப்பாடு போட்டு வச்சுக்கிறோம்” என்பது பெருந்தன்மைபோல் ஒலித்தாலும், கூலியில்லாத உழைப்புக்கு வேறு பெயர் உண்டு. தொகை குறைவாக இருந்தாலும் அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அதிலிருந்து அவர் யாருக்காவது ஒரு தேநீர் வாங்கிக் கொடுக்கட்டும்.

பெண்களை வீட்டுக்குள் வைத்திருப்பதற்குக் காரணமான அச்சம் உண்மையானது. ஆயினும் தீங்கு இழைப்பவர் பெரும்பாலும் அறிமுகமானவரே என்பதால், பூட்டிய வீடு தருவதாக நினைக்கும் பாதுகாப்பை அது தருவதில்லை. உடலின் பாகங்களுக்குச் சரியான பெயர்களையும், ‘வேண்டாம்’ என்று சொல்வதையும், நடந்ததை யாரிடம் சொல்வது என்பதையும் கற்றுக்கொடுங்கள். பல பெண்கள் சேர்ந்து வேலை செய்யும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். சுய உதவிக் குழுவின் வாராந்திரக் கூட்டத்தில் சந்தா வாங்கி டப்பாவில் போடும் பொறுப்பு, ஒரு பெண்ணை இருபது வீடுகளுக்கு அறிமுகப்படுத்திவிடும். இருபது வீடுகள் அறிந்த பெண்ணுக்கு நேரும் தீங்கு எளிதில் மறையாது.

சட்டம் தரும் இடங்கள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 சமூகத்தில் வாழும் உரிமையையும், சட்டத்தின் முன் மற்றவர்களுக்கு இணையான தகுதியையும் உறுதிசெய்கிறது. தனித்துவ அடையாள அட்டையும், தமிழ்நாட்டில் கடும் பாதிப்புள்ளவர்களுக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும், ஒன்றிய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடும் பெரும்பாலான பெற்றோர் அறிந்தவை. பலர் மறந்துவிடுவது வாக்காளர் பட்டியல். தகுதி வாய்ந்த நீதிமன்றம் மனநலமற்றவர் என்று அறிவித்திருந்தாலொழிய, மருத்துவச் சான்றிதழில் எத்தனை சதவீதம் எழுதியிருந்தாலும் அவர் வாக்குரிமையை இழப்பதில்லை. பதினெட்டு வயது முடிந்ததும் படிவம் 6-ஐ நிரப்புங்கள். வாக்குப்பதிவு இயந்திரத்தைப் போல ஓர் அட்டையில் சின்னங்களை ஒட்டி, பக்கத்தில் நீலப் பொத்தான் வரைந்து, ஒலி கேட்கும்வரை அழுத்திப் பிடிக்க வீட்டில் பழக்குங்கள். சரிபார்ப்புச் சீட்டு கண்ணாடிக்குள் ஏழு நொடி தெரியும் என்பதையும் சொல்லுங்கள். எந்தச் சின்னம் என்பதை மட்டும் சொல்லாதீர்கள்.

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர் எவரும் கிராம சபையின் உறுப்பினர். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. ஒன்றுக்காவது அழைத்துப்போய்க் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கச் செய்யுங்கள். 2025-இல் தமிழ்நாடு சட்டமன்றம், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கச் சட்டங்களைத் திருத்தியது. இத்தகைய இடங்கள் பேசத் தெரிந்த உடல் குறைபாடு உள்ளவர்களோடு நின்றுவிடாமல், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் உதவியாளரோடு அமரும் நாள் வர வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பதினெட்டுக்கு மேல் பெற்றோர் தாமாகவே சட்டக் காப்பாளர் ஆவதில்லை. தேவைப்பட்டால் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். எந்தக் காரியத்துக்காகக் காப்பாளர் தேவை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முடிவுகளை அவரோடு சேர்ந்து எடுப்பதே 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கம்.

கடைசிப் படி: ஆள் மாறினாலும் இடம் நிலைக்க

இத்தனை உழைப்பும் ஒரே நல்ல மனிதரைச் சார்ந்திருந்தால், அவர் ஊர் மாறும் நாளில் எல்லாம் சரிந்துவிடும். ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது இருவர் அவரை நன்கு அறிந்திருக்க வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டில், அவர் என்ன வேலை செய்கிறார், எந்த அடையாளத்தைக் கொண்டு கற்றார், யார் யாரோடு பழகுகிறார், மருந்து என்ன, எது பிடிக்காது என்று எழுதி, படி எடுத்து மூவரிடம் கொடுத்து வையுங்கள். ஆண்டுக்கொரு முறை அந்த நான்கு வட்டங்களைப் புதிதாக வரைந்து, பழைய தாளோடு வைத்துப் பாருங்கள். இரண்டாவது வட்டத்தில் ஒரு பெயர் கூடியிருந்தால் அந்த ஆண்டு நல்ல ஆண்டு.

எங்கள் தவசிப்பிள்ளைக்கு முழங்கால் தேய்ந்து, தொழிலைச் சென்ற ஆண்டு மகனிடம் ஒப்படைத்தார். ஆட்களின் எண்கள் எழுதிய பழைய நீளக் கணக்கு நோட்டையும் கொடுத்தார். அதில் ‘இலை’ என்று எழுதி அடிக்கோடிட்ட இடத்துக்குக் கீழே அண்ணனின் பெயர் இருக்கிறது. பக்கத்தில் முதலில் இருந்த என் கைபேசி எண்ணை அடித்துவிட்டு, அண்ணனுடைய எண்ணை எழுதியிருக்கிறார்கள்.